இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆள்

போன வெள்ளிக்கிழமை செல்வம் என்னைப் பார்க்க வந்திருந்தான். காய்கறி பேக்கிங் ஹாலில் நான் விட்டுவந்த டைம் கீப்பர் வேலையில் இப்போது இருப்பவன் அவன்தான். ஒரு டஜன் லட்டு வாங்கி வந்ததாகச் சொன்னான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் பெட்டியைத் திறந்து எண்ணிவிட்டேன். பதினொன்றுதான் இருந்தது. மகன் என்னை முறைத்தான். முறைத்தால் எண்ணிக்கை கூடிவிடுமா?

"அண்ணே, இனிமே எண்ற வேலையே இல்ல," என்றான் செல்வம். "வாசல்ல மிஷின் வச்சிட்டாங்க. மூஞ்சியக் காட்டுனா பச்ச லைட்டு. வேற ஆளுன்னா செவப்பு. ஒருத்தர் டூட்டிக்கு இன்னொருத்தர் வரவே முடியாது."

"செவப்பு எரிஞ்சா?"

"செக்யூரிட்டி வெளிய கூட்டிட்டுப் போயிடுவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னண்ணே, அப்சென்ட்தான்."

தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லவே வந்தானாம். இளைஞர்களுக்கு ஊக்கம் தருவதாக இருக்க வேண்டும் என்றான். ஊக்கம் தரும் விஷயம் எதுவும் என் கைவசம் இல்லை. அவன் சொன்ன மிஷினைக் கேட்டதிலிருந்து ஒரு பெண்ணின் நினைப்பு என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதையே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் செல்வத்தின் பாடு.

எனக்குச் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். கணிதத்தில் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல் இந்த வளைகுடாவுக்கு வந்தவன் நான். அபுதாபிப் பக்கம் முசஃபாவில் ஒரு வெல்டிங் கம்பெனியில், கோழிக்கோட்டுக்காரர் ஒருவரிடம் இரண்டு மாதம் தொழில் பழகினேன். பஸ்ஸில் ஏறும்போது தலையை எண்ணு, இறங்கும்போது காலை எண்ணிப் பாதியாக்கு என்றார். அவர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன். முகத்தையும் பார் என்று அவரும் சொல்லவில்லை, பிறகு வந்த முதலாளிகள் யாரும் சொல்லவில்லை.

கடைசிப் பத்து வருஷமும் ஷார்ஜாவின் உள்பகுதியில், பண்ணைகளுக்கு நடுவே இருந்த அந்த பேக்கிங் ஹாலில். விடியுமுன் ஷார்ஜா நகரத்து ரோலாவிலிருந்து கம்பெனி பஸ் கிளம்பும். ஏறுபவர்களில் பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ் பெண்கள். ரோலாவில் ஓர் அறையைப் பலகையால் ஆறாகத் தடுத்து, தடுப்புக்கு இருவராகக் குடியிருப்பவர்கள். ஹாலுக்குள் எப்போதும் மார்கழிக் குளிர். கீரையும் கொத்துமல்லியும் வாடக்கூடாது என்பதற்காக வைத்த குளிர் அது, ஆட்களை நினைத்து வைத்ததல்ல. வெள்ளைத் தொப்பி, முகமூடி, கையுறை, மூட்டுவரை கோட்டு. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டால் ஒவ்வொருத்திக்கும் வெளியே தெரிவது இரண்டு கண்தான். நான் தொப்பிகளை எண்ணுவேன். நாற்பத்தாறு வந்தால் கதவை மூடச் சொல்வேன்.

அந்த நாற்பத்தாறில் ஒருத்தி நெனிதா. எட்டு வருஷமாகக் கொத்துமல்லி வரிசையில் நின்றவள். பிலிப்பைன்ஸில் நீக்ரோஸ் என்ற தீவு அவளுக்கு ஊர். கரும்பைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லையாம். என் ஊரும் கரும்பு ஊர் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து தேநீர் இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். இருவரும் உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். என் நினைவில் நிற்பதென்னவோ தமிழில்தான்.

"உங்க ஊர்ல வெட்டு முடிஞ்சா என்ன செய்வாங்க, சார் மூர்த்தி?"

"வேற வேலைக்குப் போவாங்க. நெல்லு, முந்திரி, ஏதாவது."

"எங்க ஊர்ல வேற வேலை கிடையாது. அடுத்த வெட்டு வரைக்கும் சும்மா இருக்கணும். அதுக்கு ஒரு பேரு இருக்கு சார். செத்த காலம்."

அந்த மாதங்களில் சோறு இருக்காதாம். கிழங்கும், வாய்க்கால் ஓரத்துக் கீரையும், கடைக்காரர் முகம் கொடுத்தால் உப்புக் கருவாடும். அவள் அப்பாவுக்கு அரசாங்கம் கொஞ்சம் நிலம் கொடுத்ததாம், பத்திரத்தோடு. நல்லதாயிற்றே என்றேன். சிரித்தாள். நிலம் இருந்தது, நடுவதற்குக் கரும்புக் கரணை வாங்கவும் உரம் போடவும் வழி இல்லை. பழைய தோட்ட முதலாளிக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு, அதே நிலத்தில் அப்பா கூலிக்குக் கரும்பு வெட்டினார். வெட்டிக்கொண்டிருக்கும்போதே செத்தும் போனார். அவர் நின்று வெட்டிய வரிசை மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

இந்த வரிசை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அங்கே மேஸ்திரி ஆளை எண்ணுவதில்லையாம், வீட்டை எண்ணுவாராம். ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. அந்த வரிசையில் காலையில் யாராவது ஒருவர் கத்தியோடு நிற்க வேண்டும். அப்பாவுக்கு உடம்பு முடியாவிட்டால் அம்மா, அம்மாவுக்கு முடியாவிட்டால் மகள். யார் நின்றாலும் ஒன்றுதான். வரிசை காலியாக இருந்தால் கூலி போவதோடு நிற்காது. குடியிருக்கும் குடிசையும் தோட்டத்துக்குச் சொந்தமானது, அதுவும் போய்விடும். இதை அவள் ஒரு கொடுமையாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன்.

இப்போது ஜமால் பாயைப் பற்றி. அவர்தான் எங்கள் நிர்வாக மேலாளர், கீழக்கரைக்காரர், என் வயதுதான் இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உள்ளே போனதும் "உக்காருங்கண்ணே" என்பார். பாலில்லாத சுலைமானி வரும். மேசையிலிருந்து ஒரு டிஷ்யூ தாளை எடுத்து இரண்டாக மடிப்பார், நான்காக மடிப்பார், எட்டாக மடிப்பார். நாம் பேசி முடிக்கும்போது அது தபால் தலை அளவுக்கு வந்திருக்கும். அப்புறம் கேட்பார்: "நீங்களே சொல்லுங்க, என்ன செய்யலாம்?" நாம் ஒன்று சொல்வோம். "அப்படிங்கிறீங்க," என்று யோசிப்பார். "ஆனா அப்படிச் செஞ்சா இது வருமே?" நாம் வேறொன்று சொல்வோம். இப்படி மூன்று நான்கு வாசலை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வருவார். கடைசியில் திறந்திருக்கும் ஒரே வாசல் வழியாக நாமே நடந்து போவோம். பத்து வருஷத்தில் அவர் எனக்கு ஓர் உத்தரவுகூடப் போட்டதில்லை. அவர் நினைத்தது எதுவும் நடக்காமல் போனதும் இல்லை.

அவர் வாய்விட்டுச் சொல்லாத விதிகளில் ஒன்று இது: காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதத்தில் லீவு போட்டவர்களுக்குப் புதுப்பிப்பு வராது. டாக்டர் சீட்டு கொண்டுவந்தாலும் வராது. எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

நோன்பு மாதத்துக்கு முன்னால் ஆர்டர் குவியும் நேரம் அது. நெனிதாவுக்கு அந்த மாதம் புதுப்பிப்பு. காலையில் தொப்பிகளை எண்ணினேன், நாற்பத்தாறு. கதவை மூடச் சொல்லிவிட்டு வழக்கம்போல வரிசை வரிசையாக நடந்தேன். கொத்துமல்லி மேசைக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

எங்கள் ஹாலில் கொத்துமல்லிக் கட்டுக்கு ரப்பர் பேண்டு போடுவார்கள். நெனிதாவின் இடத்தில் நின்றவள் பேண்டைத் தொடவே இல்லை. கட்டிலிருந்தே நீளமான ஒரு தண்டை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை முறுக்கி உள்ளே செருகினாள். கட்டு அசையாமல் நின்றது. கரும்புக் கட்டை அதன் பச்சைத் தோகையாலேயே இப்படித்தான் கட்டுவார்கள். சின்ன வயதில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். நெனிதா இங்கே வந்த முதல் மாதத்திலேயே அந்தப் பழக்கத்தை விட்டவள். பெட்டிக்குள் கட்டின கட்டுகளைப் பார்த்தேன். பதினேழு கட்டு, பதினேழும் அப்படியே.

தேநீர் இடைவேளையில் அவளை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"நெனிதா எங்கே?"

"நாந்தான் நெனிதா, சார்."

"கொத்துமல்லிய இப்படிக் கட்ட எங்க பழகுன?"

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு முகமூடியை இறக்கினாள். நெனிதாவைவிட ஐந்தாறு வயது இளையவள், அதே நெற்றி.

"கரும்புல சார். என் பேரு மெர்லி. அக்காவுக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல. அதான் இன்னைக்கி நான் வந்தேன்."

அவள் விசிட் விசாவில் வந்து இரண்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்த தங்கை. அக்காவின் கட்டிலில் பாதி அவளுக்கு. அவள் முகத்தில் திருட்டுப் பயம் துளியும் இல்லை. எனக்குத்தான் வியர்த்தது.

"இது தப்புன்னு தெரியாதா? போலீஸ் பிடிச்சா ரெண்டு பேரையும் உள்ள வைப்பான்."

"வரிசை காலியா இருக்கக் கூடாதுல்ல சார்," என்றாள். எனக்கு அவள் புத்தி சொல்கிற மாதிரி இருந்தது.

திரும்பிப் போகும் பஸ் வரும்வரை ஓய்வறையில் உட்காரச் சொன்னேன். நெனிதாவுக்கு எப்படியாவது லீவு வாங்கித் தருவதாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அதற்குள் லைன் சூப்பர்வைசர் கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். "யல்லா, யல்லா! ட்ரக் நிக்குது!" எல்லாரும் எழுந்து ஓடினார்கள். நான் ஜமால் பாயின் அறைக்கு நடந்தேன். என்ன சொன்னால் அவர் எந்த வாசலைச் சாத்துவார் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனேன். கதவில் கை வைத்தபோது ஹாலில் கழுவும் மிஷினின் இரைச்சல் நின்றது. அந்த மிஷின் மதியச் சாப்பாட்டுக்குத் தவிர நிற்காது.

மெர்லி ஓய்வறைக்குப் போகவில்லை. மேசையில் ஓர் இடம் காலியாகத் தெரியும் என்று வரிசைக்கே திரும்பியிருக்கிறாள். முள்ளங்கி கழுவும் பெல்டில் தழை சிக்கியது. பக்கத்தில் நின்ற அவளிடம் சூப்பர்வைசர் எடுக்கச் சொன்னார். எட்டு வருஷ நெனிதாவாக இருந்தால் முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருப்பாள். அப்படி ஒரு பொத்தான் இருப்பதே மெர்லிக்குத் தெரியாது. கையுறையை உருளை பிடித்து இழுத்துக்கொண்டது.

வலது கை. நடு மூன்று விரல்கள்.

கம்பெனி பிக்கப்பில் நான் அவளை ரோலா பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவள் கத்தவில்லை. கோட்டில் சுற்றியிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லாதீங்க, காய்ச்சல் கூடிடும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எத்தனை தடவை என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் நான் பாதியில் நிறுத்திய எண்ணிக்கை அது ஒன்றுதான்.

அவசரப் பிரிவில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் ஓர் இளம் டாக்டர் வெளியே வந்தார். இரண்டு விரல் போனது போனதுதான், மோதிர விரலை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே அனுப்பினால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். "இன்ஷூரன்ஸ் இருக்கா? கார்டைக் கவுண்டரில் கொடுங்கள்." அவள் கழுத்திலிருந்து கழற்றிய அட்டை என் கையில் இருந்தது. நெனிதாவின் பெயர், நெனிதாவின் படம், கம்பெனி இன்ஷூரன்ஸ். கவுண்டருக்குப் போகத் திரும்பினேன். ஜமால் பாய் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, சால்வை போர்த்திய நெனிதா. சூப்பர்வைசர் எல்லாம் சொல்லிவிட்டார் போலும். பாயே வண்டி அனுப்பி அவளைக் கூட்டி வந்திருக்கிறார். அவள் கையில் தங்கையின் பாஸ்போர்ட் இருந்தது.

"உக்காருங்கண்ணே," என்றார் பாய். ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் நாற்காலியிலும் அதே குரல். பையிலிருந்து டிஷ்யூவை எடுத்தார்.

"உக்கார நேரமில்ல பாய். இந்தக் கார்டக் குடுத்தா ஒரு வெரலு மிஞ்சும்."

"குடுங்க. நான் வேணாங்கலயே." முதல் மடிப்பு. "குடுத்தா, அடிபட்டது நெனிதான்னு ஆவும். நாளைக்கி நெனிதா டூட்டிக்குப் பத்து வெரலோட வருமே. அப்ப என்னண்ணே சொல்றது?"

"உண்மையச் சொல்லுவோம். தங்கச்சி வேல செஞ்சான்னு சொல்லுவோம்."

"சொல்லலாம்." இரண்டாம் மடிப்பு. "கம்பெனிக்கு ஃபைன் போடுவாங்க, கட்டிட்டுப் போறோம். இதுங்க ரெண்டு பேருக்கும் என்னாகும்? ஜெயிலு, அப்புறம் ஊருக்கு. திரும்பி வரவே முடியாது. ஊர்ல எத்தன பேரு சாப்புடுறாங்க, நெனிதா?" இதை மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஏழு பேர் சார்," என்றாள் அவள். அம்மா, அவளுடைய பிள்ளைகள் மூன்று, மெர்லியின் பிள்ளைகள் இரண்டு, படுக்கையில் கிடக்கும் ஒரு மாமா. நானும் மனசுக்குள் கூட்டினேன். ஏழுதான்.

"அந்தப் பொண்ணோட வெரலுக்கு யாரு பாய் கணக்குச் சொல்றது?"

"அதத்தான் நானும் கேக்குறேன். நீங்களே சொல்லுங்க." மூன்றாம் மடிப்பு. "காலையில எத்தன பேர எண்ணுனீங்கண்ணே?"

"நாற்பத்தாறு."

"நெனிதா காய்ச்சல்ல ரூம்ல கெடந்துச்சு. பாக்குறோம்ல, நிக்கவே முடியல. அப்ப எப்படிண்ணே நாற்பத்தாறு?"

கவுண்டரில் இருந்த பெண் "ஐடி, ஐடி" என்று மேசையைத் தட்டினாள். நெனிதா எங்கள் தமிழ்ப் பேச்சில் நாற்பத்தாறை மட்டும் பிடித்துக்கொண்டாளோ, அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாளோ தெரியாது. எழுந்து வந்து என் எதிரே நின்றாள்.

"ஃபார்ட்டி ஃபைவ், சார் மூர்த்தி," என்றாள். "ப்ளீஸ். ஃபார்ட்டி ஃபைவ்."

"மெர்லியோட விரல், நெனிதா."

"ஒரு விரல் சார்." காய்ச்சலில் பல் தந்தியடித்தது. "என் வரிசை போச்சுன்னா ஏழு பேர். மெர்லிகிட்ட கேளுங்க, அவளும் இதத்தான் சொல்லுவா."

என் கையிலிருந்த அட்டையை அவளே எடுத்துக்கொண்டாள். அதன் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அதைச் சால்வையில் துடைத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு கவுண்டருக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டினாள். விசிட்டர், இன்ஷூரன்ஸ் இல்லை, வீட்டில் இறைச்சி அரைக்கும்போது நேர்ந்தது என்றாள். ஜமால் பாய் தபால் தலை அளவுக்கு வந்துவிட்ட டிஷ்யூவைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. மூன்று விரலும் போயிற்று. தையல் போட்ட செலவையும் ஊருக்கு டிக்கெட்டையும் கம்பெனி கொடுத்தது. ஜமால் பாய் தன் கையிலிருந்தும் ஏதோ ஓர் உறை கொடுத்தார் என்று பேச்சு. அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்காலியில் அவர் சாத்திய ஒவ்வொரு வாசலும் உண்மையிலேயே சாத்தித்தான் இருந்தது. அவர் தாழ்ப்பாள் மட்டும் போட்டார்.

அன்றைய நாற்பத்தாறை நாற்பத்தைந்தாக்கினேன்; அந்த நாளும் அடுத்த இரண்டு நாளும் நெனிதாவின் லீவாகப் பதிவாயின. அந்த மாதத்தில் லீவு போட்டும் அவளுக்கு மட்டும் புதுப்பிப்பு வந்தது; பாய் வாய்விட்டுச் சொல்லாத பேரம் அது. நான்காம் நாள் காலையில் தொப்பிகளை எண்ணினேன், நாற்பத்தாறு. அன்றிலிருந்து தொப்பியை எண்ணிவிட்டு முகத்தையும் பார்ப்பேன். முகமூடியை இறக்கு, ஏற்று, அடுத்தவர் என்று. ஏழு நிமிஷம் கூடுதலாகும். சூப்பர்வைசர் பல்லைக் கடிப்பார். கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நெனிதா தேநீர் இடைவேளையில் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். கோபமில்லை. என்னைப் பார்த்தால் அந்த நாற்காலி நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான்.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரில் கரும்பு வெட்டு தொடங்கியிருந்தது. போனை நீட்டினாள். யாரோ தூரத்திலிருந்து எடுத்த படம், அரை நிமிஷம் ஓடியது. கரும்புக்கு நடுவே மெர்லி இடது கையால் கத்தியை வீசுகிறாள். மூன்றில் ஒரு வீச்சு தவறிப் போகிறது. வலது கையில் துணி சுற்றியிருக்கிறது, அதை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் குனிந்தபடி ஒரு கிழவி, வெட்டி விழுந்ததைச் சேர்த்து, தோகையை முறுக்கிக் கட்டுகிறாள். அம்மா என்றாள் நெனிதா.

"இப்ப அவளால கட்ட முடியாது சார். வெட்டுறது அவ, கட்டுறது அம்மா."

"ரெண்டு பேரு வேல செய்யறாங்க. கூலி?"

நெனிதா என்னைப் பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு மேல் பழகியும் நான் புரிந்துகொள்ளவில்லையே என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"வீட்டுக்கு ஒரு வரிசைதானே சார். மேஸ்திரி ஒண்ணுன்னுதான் எண்ணுவாரு."

செல்வத்தின் மிஷினை நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அது இருந்திருந்தால் வாசலிலேயே சிவப்பு எரிந்திருக்கும். மெர்லி பத்து விரலோடு ரோலாவுக்குத் திரும்பியிருப்பாள். நெனிதாவுக்குப் புதுப்பிப்பு வந்திருக்காது. ஏழு பேர். இதைக் கூட்டியும் கழித்தும் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் எனக்கு விடை வரவில்லை.

அந்தப் படத்தில் மேஸ்திரியும் இருந்தார். வரப்பில் நின்று, விரலை நீட்டி, வரிசைகளை எண்ணிக்கொண்டே போனார். மெர்லியின் வரிசைக்கு வந்ததும் விரல் ஒரு தடவை அசைந்தது. அவ்வளவுதான், அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.